‘ஆம்’ என்று எழுதியவள்

என் தங்கை கண்ணாடியை உடைத்தாள். அதை நான் மறைக்கப் போவதில்லை; அவளே மறைக்கவில்லை, எனக்கென்ன வந்தது? அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது. ஓர் அலுவலகத்தின் கவுண்டர் கண்ணாடியை, அங்கே கிடந்த பெரிய ஸ்டேப்ளரை எடுத்து, பட்டப்பகலில் நாற்பது பேர் பார்க்க உடைத்தாள். அந்த நாற்பது பேரில் நானும் ஒருத்தி. அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

எங்கள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பியவர் பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இறப்புச் சான்றிதழில் அவர் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள். அந்த எழுத்து இல்லாததால் செத்தவர் வேறு யாரோ, எங்கள் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல் இருக்கிறார் என்று கம்பெனி சொல்லிவிட்டது. திருத்தித் தரும் அலுவலகம் மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி, வீங்கின முழங்காலோடு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படி ஏறினாள். ஒரு தடவை இல்லை, ஆறு தடவை. ஐயா சீட்டில் இல்லை, ஐயா லீவு, ஃபாரம் தீர்ந்துபோச்சு, இன்னொரு கையெழுத்து வேணும், கம்ப்யூட்டர் வேலை செய்யல, நாளைக்கு வாங்க.

ஏழாவது தடவை போனபோது அம்மா கண்ணாடித் துவாரத்துக்குக் குனிந்து, “சார், இன்னைக்காவது பார்த்துக் குடுங்க சார், ரொம்ப அவசரம்” என்றாள்.

கவுண்டர்காரர் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். “செத்தவருக்கு என்னம்மா அவசரம்?”

அம்மா காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். தங்கை ஸ்டேப்ளரை எடுத்தாள்.

கண்ணாடி முழுசாக இறங்கியது. கவுண்டர்காரரின் காதில் ஒரு கீறல், சட்டையில் இரண்டு சொட்டு ரத்தம். அவ்வளவுதான். ஆனால் அவர் போட்ட சத்தத்தைக் கேட்டால் தலையையே வெட்டிவிட்டார்கள் என்று தோன்றும். இதையும் சொல்லிவிடுகிறேன், இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது: மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த ஓர் எழுத்து சேர்ந்த சான்றிதழை ஓர் ஆள் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஆறு நாளில் முடியாதது ஒரே ராத்திரியில் முடிந்திருந்தது.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் அவளுக்குப் பெயர் ‘கண்ணாடி’. கண்ணாடி வர்றா, கண்ணாடி போறா. பால்காரர்கூட “கண்ணாடிக்கு ஒரு பாக்கெட்” என்பார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “வேற யாருக்குக்கா இப்படிப் பட்டம் கிடைக்கும், காலேஜுக்குப் போகாமலேயே?” என்பாள்.

கண்ணாடி உடைந்த அன்று மதியம் அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். நானும் கூடப் போனேன். சுவரோரம் ஒரு பெஞ்சு. அதில் ஆறு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, உள்ளதைச் சொல்ல வேண்டும். வழக்கு எழுதும் ரைட்டர் நிதானமாக எழுதினார். கண்ணாடியின் நீளம், அகலம், எத்தனை துண்டு, ஸ்டேப்ளர் என்ன நிறம். அவர் எழுதிக்கொண்டிருந்தபோது உதடு வீங்கிய ஒரு பெண் உள்ளே வந்தாள். புருஷன் அடித்துவிட்டான் என்றாள். “வீட்டுக்குப் போய்ப் பேசித் தீர்த்துக்கம்மா” என்று ரைட்டர் தலை நிமிராமல் சொன்னார். அவள் போனாள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். மறுபடியும் போகச் சொன்னார்கள். மூன்றாம் முறை வாசல்வரை வந்தவள் உள்ளே வராமலேயே திரும்பிவிட்டாள்.

ஜாமீனில் வெளியே வந்து தெருவில் நடக்கும்போது தங்கை சொன்னாள்: “கண்ணாடிக்கு நாலு பக்கம் எழுதினான்க்கா. அந்தப் பொண்ணோட உதட்டுக்கு ஒரு வரி எழுதல.”

“சும்மா வாடி. நம்ம தலைவலியே நமக்குப் போதும்.”

“நான் போலீஸ்ல சேரப் போறேன்.”

நான் சிரித்தேன். நடுத்தெருவில், அப்பா செத்து ஒன்றரை மாதத்தில், தங்கை மேல் வழக்கு விழுந்த அன்று, வாய்விட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சேவை, நாடு, மக்கள் என்று போலீஸில் சேருகிறவர்கள் சொல்வதுபோல எதையும் அவள் சொல்லவில்லை. அந்த மேசைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும், அந்தப் பேனாவைப் பிடுங்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. முழுக்க முழுக்கக் கோபம்.

கோர்ட்டில் வழக்கு வந்த அன்று அங்கே டியூட்டியில் இருந்த ஏட்டு ஒருவர் எங்களிடம் வந்து அன்பாகத்தான் பேசினார். “ஒத்துக்கிட்டேன்னு சொல்லிடு பாப்பா. அபராதம்தான் போடுவாங்க. இன்னைக்கே முடிஞ்சுடும். இல்லைன்னா ரெண்டு வருஷம் வாய்தா வாய்தான்னு அலையணும்.”

வக்கீல் வைக்க எங்களுக்கு வசதியில்லை. அவளும் உடைத்தது உண்மைதானே. “ஒத்துக்கறேன்” என்றாள். அபராதம் போட்டார்கள், கோர்ட் கலையும்வரை ஒரு மூலையில் நிற்கச் சொன்னார்கள். சாயங்காலம் ஐந்து மணிவரை நின்றாள். நீதிபதி எழுந்து போனதும் நாங்களும் வீட்டுக்குப் போனோம். முடிந்துவிட்டது என்று நினைத்தோம். அந்த ‘ஒத்துக்கறேன்’ ஒரு குற்றத் தீர்ப்பு, அது காகிதமாகி எங்கோ ஓர் அலமாரியில் ஏறி உட்காரும், உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருக்கும் என்று அந்த ஏட்டு சொல்லவில்லை. அவருக்கே தெரியுமோ என்னவோ.

அதன் பிறகு நான்கு வருஷம். அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடித்தாள். நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அம்மா இருந்த கட்டடத்திலேயே மாடிக்குக் குடிபோனேன். தங்கை ஒரு பெரிய ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டி. பெண்களின் பைகளைத் திறந்து பார்க்கும் வேலை. பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். உட்கார ஸ்டூல் கிடையாது, வாடிக்கையாளர் பார்த்தால் மரியாதையாக இருக்காதாம். நின்று நின்று அவள் பாதம் பலகையாகிவிட்டது. விடிந்ததும் பள்ளி மைதானத்தில் ஓடுவாள், பிறகு வேலைக்குப் போவாள், ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் பொது அறிவுப் புத்தகம். முதல் தடவை எழுத்துத் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. இரண்டாவது தடவை எழுத்துத் தேர்வு தேறி, நீளம் தாண்டுவதில் நாலு விரல் அளவு குறைந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிச் சுவரில் அடித்தாள். மூன்றாவது தடவை எல்லாவற்றிலும் தேறினாள். பெண்கள் பட்டியலில் பத்தொன்பதாவது இடம்.

எங்கள் கட்டடமே கீழே இறங்கி வந்தது. இஸ்திரிக்காரர் அவள் சான்றிதழ்களை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா அழுதாள், உடனே, “காக்கிச் சட்டைக்கு எவ்வளவு கஞ்சி போடணும்?” என்று கேட்டாள்.

அப்புறம் அந்தப் படிவம் வந்தது. எட்டுப் பக்கம். பதினான்காவது கேள்வி: நீங்கள் எப்போதேனும் கைது செய்யப்பட்டு, வழக்குத் தொடரப்பட்டு, தண்டனை பெற்றதுண்டா? ஆம் அல்லது இல்லை.

நான்கு பேரும் சமையலறையில் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர்தான் முதலில் பேசினார். “இதுல யோசிக்க என்ன இருக்கு? இல்லைன்னு போடு. அஞ்சு வருஷம் ஆச்சு. அந்தப் பேப்பரை இந்நேரம் கரையான் தின்னு ஏப்பம் விட்டிருக்கும்.”

“இல்ல மாமா. இருந்தா?”

“இருந்தா மறந்துட்டேன்னு சொல்லு. ஊர்ல எத்தனை பேர் சொல்றான்.”

“ஆமாடி” என்றேன் நானும். “நீ என்ன கொலையா பண்ணின? ஒரு கண்ணாடி. அதையெல்லாம் ஒருத்தன் கேட்பானா?”

“கேக்கறானே. இதோ, பதினாலாவது கேள்வி.”

“உன்னை யாரு அரிச்சந்திரன் ஆகச் சொன்னது?”

“அரிச்சந்திரனும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல” என்றாள். “உடைச்சேன். உடைச்சேன்னு எழுத எனக்கென்ன பயம்? நான் இல்லைன்னு எழுதி உள்ள போவேன். ஒரு நாள் எவனாவது ஒரு மேலதிகாரி அந்தப் பேப்பரை எடுத்து வச்சுக்கிட்டு, நான் சொல்றபடி கேளு, இல்லைன்னா வெளியே விட்டுடுவேன்பான். ரிட்டையராகிற வரைக்கும் அவன்கிட்ட கைகட்டி நிக்கணும். அதுக்கா நாலு வருஷம் ஓடினேன்?”

அம்மா, “மடியில கனம் இல்லைன்னா வழியில பயம் இல்ல” என்றாள். யார் பக்கம் பேசினாள் என்று இன்றுவரை தெரியாது. தங்கை ‘ஆம்’ என்று எழுதினாள். கீழே இருந்த மூன்று கோட்டில் நடந்ததையும் எழுதினாள். ஆறு தடவை அலைந்ததை எழுதவில்லை, அதற்கு இடமில்லை.

விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். அக்கம்பக்கத்தில் கேட்டார். இஸ்திரிக்காரர் நல்லது செய்வதாக நினைத்து, “தங்கமான பொண்ணு சார். என்ன, கொஞ்சம் கோவம் வரும்” என்று சொல்லிவைத்தார். அது அறிக்கையில், ‘முன்கோபம் உடையவர் என அண்டை வீட்டார் தெரிவிக்கின்றனர்’ என்று ஏறியது. ‘தங்கமான’ ஏறவில்லை.

இரண்டு மாதத்தில் கடிதம். ஒன்றரை வரி. முன்நடத்தை திருப்திகரமாக இல்லாததால் தேர்வு ரத்து செய்யப்படுகிறது.

அதே வாரம் அடுத்த தெருவில் ஜிம் வைத்திருந்தவன் போலீஸ் பணி ஆணையோடு மோட்டார்சைக்கிளில் மூன்று சுற்றுச் சுற்றினான். அவன் ஒருவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்து, அடிபட்டவன் இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது எங்கள் பகுதிக்கே தெரியும். கோர்ட் வரைக்கும் போய் அபராதமும் கட்டினான். அவன் பதினான்காவது கேள்விக்கு என்ன எழுதினான் என்று என் கடையில் படிவத்தை நகலெடுத்தபோது என் கண்ணாலேயே பார்த்தேன். ‘இல்லை’. அழகான கையெழுத்து. அவன் சித்தப்பா விசாரணைப் பிரிவில் இருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். அது எனக்குத் தெரியாது. பிறகு அவன் போட்டுக்கொண்டு வந்த சட்டை, பெல்ட், தொப்பி, அவை எனக்குத் தெரியும். பொய் சொன்னவனுக்குத் தொப்பி, நிஜம் சொன்னவளுக்கு ஒன்றரை வரி.

அந்த ஆத்திரத்தை நான் யார் மேல் காட்டினேன் தெரியுமா? அவன் மேல் இல்லை, கடிதம் எழுதியவர்கள் மேல் இல்லை. என் தங்கை மேல் காட்டினேன்.

“நான் அப்பவே சொன்னேன்ல? கேட்டியா? இப்ப உன் ‘ஆம்’மைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழு.”

அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். “அன்னைக்கு கவுண்டர்ல என் பக்கத்துலதானே நின்ன? நான் ஸ்டேப்ளரை எடுத்தப்ப ஏன் கையைப் பிடிக்கல?”

“எனக்கு எப்படித் தெரியும் நீ...”

“தெரியும். எல்லாம் தெரியும் உனக்கு. உடைக்கட்டும்னுதான் நின்ன. உனக்குத் தைரியம் வரல, என் கையால உடைச்சுக்கிட்ட.”

நான் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். ஒன்பது மாதம் அவளோடு பேசவில்லை. ஒரே கட்டடம், ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்க் குழாய். அவள் வந்தால் நான் உள்ளே, நான் வந்தால் அவள் வெளியே. அம்மா நடுவில் தபால்காரியானாள். “உன் பெரிய பொண்ணுகிட்ட சொல்லு”, “உன் சின்னப் பொண்ணுகிட்ட கேளு”. அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் இரண்டே நாளில் சண்டை தீர்ந்திருக்கும்.

ஒன்பதாவது மாதம் ஒரு நாள் மதியம் கடையில் கூட்டமில்லை. தங்கை உள்ளே வந்தாள். செக்யூரிட்டி சீருடையிலேயே இருந்தாள். கட்டுக் காகிதத்தை மேசையில் வைத்து, யாரோ வாடிக்கையாளர் மாதிரி, “ஏழு செட்டு போடணும்” என்றாள்.

மேலே இருந்த தாளைப் படித்தேன். அவள் போலீஸ் துறைக்கு எதிராக வழக்குப் போடுகிறாள். ஒரு பெண் வக்கீல் எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் மெஷினைத் தட்டினேன். முதல் செட் வெளியே வந்தது, இரண்டாவது வந்தது. ஐந்தாவது செட்டில் காகிதம் சிக்கிக்கொண்டது. மூடியைத் திறந்து, கையெல்லாம் கறுப்புத் தூளாக்கிக்கொண்டு, சிக்கினதை இழுத்தபடியே சொன்னேன்: “நீ சொன்னது நிஜம்தான்டி. கையைப் பிடிச்சிருக்கலாம். பிடிக்கத் தோணல.”

“தெரியும்” என்றாள். பிறகு, “மூக்குல கரி” என்றாள்.

அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

வக்கீலம்மா குட்டையான, வேகமாகப் பேசுகிற பெண்மணி. முதல் சந்திப்பிலேயே போட்டு உடைத்துவிட்டார். “விதியில சின்ன குற்றம் இருந்தா வேலை தரக்கூடாதுன்னு எங்கயும் இல்ல. யோசிச்சு முடிவு பண்ணணும்னுதான் இருக்கு. அவங்க யோசிக்கல. யோசிச்சேன்னு காட்டக்கூட இல்ல. ஆனா ஒண்ணு, நாளாகும். உனக்கு வயசு வரம்பு தாண்டிடும். பரவாயில்லையா?”

“நான் நிக்கறதுல கில்லாடி மேடம்” என்றாள் தங்கை. “தினம் பன்னிரண்டு மணி நேரம் நிக்கறேன்.”

இரண்டரை வருஷம் ஆனது. எத்தனை தடவை அந்தக் கோர்ட் வராந்தாவில் நின்றோம் என்று எண்ணவில்லை. ஒரு நாள் அரசு வக்கீல் வரவில்லை, இன்னொரு நாள் கோப்பு வரவில்லை, அப்புறம் நீதிபதி மாறிவிட்டார். மூன்றாம் மாடிக் கவுண்டர்தான் இங்கே இன்னும் பெரிய கட்டடத்தில், இன்னும் நல்ல கம்பளத்தோடு இருந்தது. நான் வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு பல்லைக் கடிப்பேன். தங்கை ஒவ்வொரு தேதியையும் ஒரு நோட்டில் எழுதி, ஏன் தள்ளிப்போனது என்று காரணத்தையும் பக்கத்தில் எழுதினாள். அவள் கோபம் கையிலிருந்து பேனாவுக்கு இறங்கியதை நான் அங்கேதான் பார்த்தேன்.

கடைசியில் வாதம் நடந்தது. அரசு வக்கீல் எழுந்து, “கோபத்தை அடக்கத் தெரியாத ஒருவர் கையில் லத்தியைக் கொடுக்க முடியாது” என்றார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஜிம்காரன் கையில் கொடுத்திருக்கிறீர்களே என்று கத்த வாயெடுத்தேன். என் வீட்டுக்காரர் என் முழங்கையைக் கிள்ளினார்.

நீதிபதி தங்கையைப் பார்த்தார். “ஏம்மா, இப்பவும் அப்படிக் கோபம் வருமா?”

வக்கீலம்மா திரும்பி அவளைப் பார்த்த பார்வையில், ‘வராதுன்னு சொல்லித் தொலை’ என்று எழுதியிருந்தது.

“வரும் ஐயா” என்றாள் தங்கை. “தினமும் வருது. இந்தக் கேஸ் பதினாறு தடவை தள்ளிப்போச்சு, பதினாறு தடவையும் வந்துச்சு. எதையும் உடைக்கல.”

வக்கீலம்மா கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். நீதிபதி எதையோ எழுதினார்.

தீர்ப்பு மூன்று வாரம் கழித்து வந்தது. உண்மையை மறைக்காமல் சொன்னதையே அவருக்கு எதிராகப் பயன்படுத்தியது தவறு. எட்டு வாரத்துக்குள் காரணங்களோடு மறுபடி பரிசீலிக்க வேண்டும். தெருவில் மறுபடி எல்லோரும் கீழே இறங்கினார்கள். எட்டாவது வாரம் துறை மறுபடி பரிசீலித்து, மறுபடி நிராகரித்தது. இந்தத் தடவை மூன்று பக்கம். காரணம் கேட்டார்கள் அல்லவா, கொடுத்துவிட்டார்கள். முன்பு ஒன்றரை வரியில் சொன்னதையே இழுத்து நீட்டியிருந்தார்கள். அதை வாங்கிப் படித்த வக்கீலம்மாவே மேசையில் அறைந்தார். “இவங்களுக்கு வெக்கமே கிடையாது.” மறுபடி கோர்ட். மறுபடி ஏழு செட்டு. இந்த முறை நீதிபதி, துறையின் பெரிய அதிகாரியே நேரில் வந்து விளக்கட்டும் என்று சொன்னார். நேரில் வர வேண்டும் என்றதும், அடுத்த தேதிக்கு நாலு நாள் முன்பே பணி ஆணை வீட்டுக்கு வந்துவிட்டது. பெரிய மனிதர்களுக்குக் கோர்ட் படி ஏற முழங்கால் வலிக்கும்போல.

பயிற்சியில் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. கூட இருந்த பெண்களெல்லாம் இருபது, இருபத்தொன்று. அவளை ‘அக்கா’ என்றார்கள். ஓட்டத்தில் அக்காதான் முதலில் வந்தாள்.

கதை இங்கே முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். நீங்களும் மகிழ்ச்சியாக எழுந்து போகலாம். ஆனால் அந்தக் காகிதம் அவளோடு கூடவே வேலைக்குச் சேர்ந்துவிட்டது. எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் அவளுக்கு முன்னால் அவள் கோப்பு போய்ச் சேரும். முதல் நாளே இன்ஸ்பெக்டர் கேட்பார்: “ஓ, கோர்ட்ல போய் வேலை வாங்கினது நீதானா?” ஜிம்காரனை யாரும் எதுவும் கேட்பதில்லை. அவனுக்கு இரண்டாவது வருஷமே பதவி உயர்வு.

போன வருஷம் அவள் இருந்த ஸ்டேஷனுக்கு, ஓர் அடுக்குமாடி வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். முதலாளியின் கைக்கடிகாரம் காணவில்லை. அவள் அழுதுகொண்டே இல்லை, இல்லை என்றாள். இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று நினைக்கிறவர். “ஒத்துக்கிட்டா அபராதத்தோட போயிடும்மா. சின்ன கேஸ்தானே” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். தங்கை அந்தப் பெண்ணுக்குக் காவலாக நின்றிருந்தாள்.

“கடிகாரத்தை எடுத்தீங்களா?” என்று கேட்டாள்.

“சத்தியமா இல்ல மேடம்.”

“எடுத்திருந்தா ஒத்துக்கோங்க. எடுக்கலைன்னா யார் சொன்னாலும் ஒத்துக்காதீங்க. இன்னைக்கோட முடிஞ்சுடும்பாங்க. முடியாது. நாளைக்கு நீங்க வேற வீட்டுல வேலை கேட்டா கூடவே வரும். உங்க பொண்ணு வேலைக்குப் போனா அங்கயும் வந்து நிக்கும். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படிச்சுக் காட்டச் சொல்லுங்க. படிக்கலைன்னா போடாதீங்க.”

அந்தப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளில் முதலாளி போன் செய்தார்: கடிகாரம் கார் சீட்டுக்கு அடியில் கிடந்ததாம், விட்டுவிடுங்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது என் தங்கைக்குத்தான், ஒரு மெமோ. விசாரணைக்கு இடையூறு செய்தது, சந்தேக நபருக்கு யோசனை சொன்னது. கடைசி வரியில் கொட்டை எழுத்தில்: ‘இவர் ஏற்கெனவே குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர் என்பது கவனிக்கத்தக்கது.’ கண்ணாடி உடைந்து பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கல்கூடத் தேய்ந்துபோகும்.

மெமோவைப் படித்த அன்று நான் என் வீட்டுச் சமையலறையில் ஒரு தட்டை உடைத்தேன். வேண்டுமென்றே. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “அடுத்த கேஸ் வீட்டுக்குள்ளயா?” என்று கேட்டுவிட்டு, துடைப்பத்தை எடுத்துவந்து தானே கூட்டினார்.

அவளைப் போக்குவரத்துப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஐந்து சாலை சேரும் ஒரு முனையில் காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை நிற்கிறாள். சம்பள உயர்வு ஒரு வருஷம் நிறுத்தம். விலகிவிடு என்று நான் சொன்னேன், கேட்கவில்லை. அம்மாவும் சொன்னாள்; சட்டைக்குக் கஞ்சி சரியாகப் போடவில்லை என்று அம்மாவோடு சண்டை போட்டாள்.

நேற்று கடையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். வெயில் உச்சியில் இருந்தது. தொப்பிக்குக் கீழே முகம் கறுத்துப்போய், கன்னத்தில் புகை படிந்திருந்தது. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் கழுத்தில் ஊற்றிக்கொண்டாள்.

“சம்பளத்தை நிறுத்தினதுக்கு அப்பீல் எழுதிட்டேன்க்கா” என்று சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை நீட்டினாள். “நாலு செட்டு வேணும்.”

“என்னடி எழுதியிருக்க?”

“படிச்சுக்கோ. திட்டாம எழுதியிருக்கேன். மூணு தடவை திருத்தினேன்.”

“மறுபடியும் கோர்ட்டா?”

“தேவைப்பட்டா.”

“உனக்கு அலுக்கவே அலுக்காதாடி?”

“அலுக்குது. அதுக்குன்னு...” என்று தொடங்கினாள். அதற்குள் எதிர்ப்புறம் ஒரு பெரிய கார் சிவப்பு விளக்கைத் தாண்டி, குறுக்கே நடந்துகொண்டிருந்தவர்களை ஒதுங்க வைத்தபடி வந்தது. தங்கை பாட்டிலை என் கையில் திணித்தாள். விசிலை வாயில் வைத்துக்கொண்டு நடுச்சாலைக்கு ஓடினாள். கார் அவள் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கண்ணாடியை இறக்கிய ஆள், தான் யார் தெரியுமா என்று சத்தம் போட்டார். அவள் நோட்டைத் திறந்து, வண்டி எண்ணை முதலில் எழுதிக்கொண்டு, பிறகு நிதானமாகக் கேட்டாள்:

“சொல்லுங்க சார். யாரு நீங்க?”